சாக்கடல் குகையும் சித்தன்னவாசல் கல் படுக்கையும்: 2,000 ஆண்டுகளுக்கு முன் ஊரை விட்டு விலகியவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? | விளக்கம்

எஸ்ஸீனர் என்ற பழைய யூதப் பிரிவினர் எப்போ எழுந்தாங்க, எப்படி சாப்பிட்டாங்க, கூட்டத்தில் தூங்கினா என்ன தண்டனை என்பது வரைக்கும் நமக்குத் தெரியும். அதே காலத்தில் புதுக்கோட்டைப் பாறைகளில் வாழ்ந்த சமணத் துறவிகள் பற்றி எவ்வளவு தெரியும்?

திருமயம் போனவங்களுக்குத் தெரியும். 1687இல் சேதுபதி கட்டிய கோட்டை மேலே. கீழே ஒரே பாறையில் பக்கத்து பக்கத்தில் சத்தியகிரீஸ்வரரும் சத்தியமூர்த்திப் பெருமாளும். சைவம், வைணவம் இரண்டையும் ஒரே நடையில் பார்த்துட்டு வந்துடலாம்.

ஆனா இந்த வட்டாரத்துப் பாறைகளில் மூன்றாவது ஒரு மதத்தின் தடமும் இருக்கு. அதைப் பார்க்கப் போகிறவர்கள் கொஞ்சம் குறைவுதான். திருமயத்துக்கு மேற்கே பொன்னமராவதி பக்கம் இருக்கும் தேனிமலை ஒன்று. வடக்கே புதுக்கோட்டையைத் தாண்டி, அன்னவாசல் போகும் வழியில் இருக்கும் சித்தன்னவாசல் இன்னொன்று. இரண்டிலும் வாழ்ந்தது சமணத் துறவிகள்.

இவர்கள் சித்தன்னவாசல் மலையில் கல்லில் படுத்துத் தூங்கிய அதே காலகட்டத்தில், இங்கிருந்து சுமார் 5,000 கி.மீ. தள்ளி, சாக்கடல் கரையில் இன்னொரு கூட்டமும் ஊரை விட்டு விலகி, சொத்தை விட்டு, கல்யாணத்தை விட்டு வாழ்ந்துகொண்டிருந்தது. அவர்கள்தான் எஸ்ஸீனர்கள். உலகம் முழுக்க பேசப்படும் 'சாக்கடல் சுருள்கள்' அவர்களுடையது என்றுதான் பெரும்பாலான ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள்.

முதலில் அவர்களைத் தெரிந்துகொள்வோம். அப்புறம் நம்ம மலைக்கு வருவோம்.

எஸ்ஸீனர்கள் யார்?

பைபிள் படித்தவர்களுக்குப் பரிசேயர், சதுசேயர் என்ற பெயர்கள் பழக்கம். இயேசு வாழ்ந்த காலத்தில் யூதர்களுக்குள் இருந்த பிரிவுகள் அவை. அந்த வரிசையில் மூன்றாவதாகச் சொல்லப்படும் பிரிவு எஸ்ஸீனர். ஆச்சரியம் என்னன்னா, பைபிளில் இவர்கள் பெயரே வராது.

அப்போ எப்படித் தெரியும்? முதல் நூற்றாண்டைச் சேர்ந்த மூன்று பேர் எழுதி வைத்தது மூலமாக.

ஒருவர் ஃபிலோ. எகிப்தின் அலெக்சாண்டிரியா நகரில் வாழ்ந்த யூதத் தத்துவ அறிஞர். இரண்டாவது, ஜோசஃபஸ் என்ற யூத வரலாற்றாசிரியர். 16 வயதில் மூன்று பிரிவுகளையும் தானே முயன்று பார்த்ததாகச் சொல்கிறார். கடைசியில் பரிசேயர் பக்கம் போனார். மூன்றாமவர் பிளினி என்ற ரோமானியர். சாக்கடலின் மேற்குக் கரையில் பெண்கள் இல்லாமல், பணம் இல்லாமல், பேரீச்சை மரங்களைத் துணையாக வைத்துக்கொண்டு ஒரு கூட்டம் வாழ்வதாக இவர் எழுதினார்.

ஃபிலோ, ஜோசஃபஸ் இருவருமே எஸ்ஸீனர்கள் எண்ணிக்கை 4,000க்கு மேல் என்கிறார்கள். எல்லாரும் பாலைவனத்தில் இல்லை. பல ஊர்களிலும் சிறு சிறு குழுவாக இருந்தார்கள். கல்யாணம் செய்துகொள்ளும் ஒரு கிளையும் அவர்களுக்குள் இருந்தது என்று ஜோசஃபஸ் குறிப்பிடுகிறார்.

அவர்களின் ஒரு நாள் எப்படி இருந்தது?

ஜோசஃபஸ் இதை விரிவாகவே சொல்லியிருக்கிறார். சுருக்கமாக:

• சூரியன் உதிக்கும் முன் எழ வேண்டும். பிரார்த்தனை முடியும்வரை உலக விஷயம் ஒரு வார்த்தை பேசக்கூடாது.

• பிறகு வேலை. விவசாயம், கைத்தொழில் என்று அவரவருக்குத் தெரிந்தது. ஐந்தாம் மணி வரை, அதாவது நம்ம கணக்கில் காலை 11 மணி வாக்கு வரை.

• வேலை முடிந்ததும் இடுப்பில் ஒரு துணி கட்டிக்கொண்டு பச்சைத் தண்ணீர்க் குளியல். உடம்பு அழுக்கு போக மட்டும் அல்ல. இது தூய்மைச் சடங்கு.

• குளித்த பிறகுதான் சாப்பாட்டு அறை. உறுப்பினர் அல்லாதவருக்கு உள்ளே இடம் இல்லை. ஆளுக்கு ரொட்டி, ஒரே ஒரு பதார்த்தம் உள்ள ஒரு தட்டு. குரு ஒருவர் ஜெபம் சொல்லும் முன் யாரும் வாயில் வைக்கக்கூடாது. சாப்பிட்ட பிறகும் ஜெபம்.

• மறுபடி வேலை. சாயங்காலம் மறுபடி அதே மாதிரி சாப்பாடு. சத்தம் கிடையாது, ஒருவர் பேசி முடித்த பிறகுதான் அடுத்தவர் பேசணும்.

வெள்ளை உடை. அது கிழிந்து நைந்து போகும்வரை மாற்றுவது இல்லை. சம்பாதிப்பது எல்லாம் பொதுப்பணம். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் நியமிப்பார்கள். அடிமைகள் வைத்துக்கொள்வது இல்லை. அந்தக் காலத்து மத்தியதரைக் கடல் உலகில் இது சாதாரண விஷயம் இல்லை.

எண்ணெய் தேய்த்துக்கொள்ளவும் மாட்டார்கள். உடம்பில் எண்ணெய் பட்டாலே அதைத் தீட்டாக நினைத்துத் துடைத்துவிடுவார்களாம். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் போடும் நம்ம ஊர்க்காரருக்கு இது கஷ்டம்தான்!

ஓய்வு நாளான சபத் அன்று இன்னும் கடுமை. அடுப்பு பற்ற வைக்கக்கூடாது, பாத்திரத்தை இடம் மாற்றக்கூடாது. மலம் கழிக்கக்கூட போக மாட்டார்கள். மற்ற நாட்களில் அதற்கென்று தரப்பட்ட சின்னக் கோடாலியால் ஒரு அடி ஆழம் குழி தோண்டி, பிறகு மண்ணைப் போட்டு மூட வேண்டும்.

யார் வேண்டுமானாலும் சேரலாமா?

சேரலாம், ஆனா காத்திருக்கணும். முதல் ஒரு வருடம் வெளியே இருந்தபடியே அதே ஒழுங்கில் வாழ்ந்து காட்ட வேண்டும். கோடாலி, இடுப்புத் துணி, வெள்ளை உடை மூன்றும் அப்போது கிடைக்கும். அதன் பிறகு சடங்குக் குளியலுக்கு அனுமதி. ஆனாலும் இன்னும் இரண்டு வருடம் சோதனை. மொத்தம் மூன்று வருடம் கழித்து ஒரு பெரிய உறுதிமொழி எடுத்த பிறகே பொதுப் பந்தியில் உட்கார முடியும்.

அந்த உறுதிமொழிதான் அவர்கள் வாழ்க்கையில் செய்யும் ஒரே சத்தியம். அதன்பின் எதற்கும் சத்தியம் செய்வதில்லை. சத்தியம் செய்தால்தான் நம்புவார்கள் என்றால் அவன் ஏற்கெனவே பொய்யன் என்பது அவர்கள் எண்ணம்.

பெரிய தப்பு செய்தால் வெளியேற்றம். இதில் ஒரு சிக்கல் இருக்கு. எடுத்த சத்தியத்தால் வெளியார் கொடுக்கும் உணவை அவர்கள் சாப்பிட முடியாது. வெளியேற்றப்பட்டவர் புல்லைத் தின்று மெலிந்து சாகும் நிலைக்குப் போவார். கடைசி மூச்சு நேரத்தில் இரக்கப்பட்டுத் திரும்ப சேர்த்துக்கொண்டதும் உண்டு என்கிறார் ஜோசஃபஸ்.

1947இல் என்ன நடந்தது?

இதுவரை சொன்னது எல்லாம் வெளியே இருந்தவர்கள் எழுதியது. 1947 வாக்கில் கதை மாறியது.

சாக்கடல் அருகே கும்ரான் என்ற இடத்தில் ஆடு மேய்த்த பெதுவின் இளைஞர்கள், குகைக்குள் மண் ஜாடிகளைக் கண்டார்கள். உள்ளே தோல் சுருள்கள். 1956 வரை நடந்த தேடலில் 11 குகைகளில் இருந்து சுமார் 900 கையெழுத்துப் பிரதிகள், பெரும்பாலும் துண்டு துண்டாகக் கிடைத்தன. பைபிளின் பழைய ஏற்பாட்டு நூல்களுக்கு அதுவரை இருந்த எபிரேயப் பிரதிகளைவிட சுமார் 1,000 ஆண்டுகள் பழையவை அவற்றில் இருந்தன.

முதலில் கிடைத்தவற்றில் ஒன்று ஒரு சமூகத்தின் விதிப்புத்தகம். 'சமூக விதி' என்று ஆய்வாளர்கள் அழைக்கிறார்கள். 1954இல் அது உட்பட நான்கு சுருள்கள் விற்பனைக்கு என்று அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகையில் வரி விளம்பரம் வந்தது! 2,50,000 டாலருக்கு இஸ்ரேல் தரப்பு வாங்கியது. இன்று ஜெருசலேம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்த விதிப்புத்தகத்தில் தண்டனைப் பட்டியல் இருக்கு. கூட்டத்தில் தூங்கினால் 30 நாள். முட்டாள்தனமாக சத்தம் போட்டுச் சிரித்தால் 30 நாள். அடுத்தவர் பேசும்போது குறுக்கே பேசினால் 10 நாள். சொத்து விஷயத்தில் தெரிந்தே பொய் சொன்னால் ஒரு வருடம் விலக்கு, சாப்பாட்டில் கால் பங்கு வெட்டு.

சபை நடுவில் எச்சில் துப்பினால்? அதற்கும் 30 நாள்.

இந்த எச்சில் விதி ஏன் முக்கியம் தெரியுமா? எஸ்ஸீனர்கள் கூட்டத்துக்கு நடுவில் துப்ப மாட்டார்கள் என்று ஜோசஃபஸும் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறார். வெளியே இருந்து ஒருவர் பார்த்து எழுதியதும், குகைக்குள் 1,900 வருடம் கிடந்த விதியும் இவ்வளவு சின்ன விஷயத்தில் பொருந்துகிறது. சுருள்களை எஸ்ஸீனர்களோடு இணைக்க ஆய்வாளர்கள் காட்டும் சான்றுகளில் இதுவும் ஒன்று.

எல்லோரும் ஏற்றுக்கொண்டார்களா? இல்லை. சுருள்களில் எங்கும் 'எஸ்ஸீனர்' என்ற சொல் இல்லை. சுருள்கள் ஜெருசலேமில் இருந்து கொண்டுவந்து ஒளிக்கப்பட்டவை, கும்ரானுக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். ஆனா கும்ரானில் தோண்டியபோது கிடைத்தது படிக்கட்டு வைத்த சடங்குக் குளியல் தொட்டிகள், நூற்றுக்கணக்கான சாப்பாட்டுக் கிண்ணங்கள், மைக்கூடுகள், 1,000க்கும் மேற்பட்ட கல்லறைகள். ஒரு குடும்பம் வாழ்ந்த வீடு மாதிரி இது இல்லை.

சரி, நம்ம பக்கம் என்ன கிடைத்தது?

சித்தன்னவாசல் என்றதும் எல்லாருக்கும் நினைவு வருவது தாமரைக்குள ஓவியம். அது மலையின் கீழ்ப்பகுதியில், அறிவர் கோயில் என்ற குடைவரையில் இருக்கு. பாண்டிய மன்னன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்ற ஆசிரியர் அந்தக் கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது.

நாம் பார்க்கப்போவது அதைவிடப் பல நூறு வருடம் மூத்த இடம். அதே மலையின் மேலே ஏறினால், பாறைச் சரிவில் ஒரு இயற்கைக் குகை. பெயர் ஏழடிப்பட்டம். பாறையில் கால் வைக்க வெட்டிய ஏழு குழிகளால் அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். உள்ளே 17 கல் படுக்கைகள். வழவழவென்று தேய்த்து, தலை வைக்கும் பக்கம் தலையணை மாதிரி மேடாக விட்டிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டின் பல ஊர்களில் இப்படிப்பட்ட படுக்கைகளை மக்கள் 'பஞ்சபாண்டவர் படுக்கை' என்பார்கள். வனவாசத்தில் பாண்டவர் வந்து தூங்கினார்கள் என்று கதை. ஆனா கல்லில் எழுதியிருப்பது வேறு.

ஏழடிப்பட்டத்தின் பழைய படுக்கையில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரு வரி இருக்கு. எருமி நாட்டில் குமுழூரில் பிறந்த காவுடி என்ற துறவிக்கு, சிறுபாவிலைச் சேர்ந்த இளையர் செய்து கொடுத்த இருக்கை இது என்பது அதன் பொருள். 'அதிட்டானம்' என்ற சொல்லை அதில் பயன்படுத்தியிருக்கிறார்கள். கி.மு. 2 – 1ஆம் நூற்றாண்டு என்று கல்வெட்டு அறிஞர்கள் கணிக்கிறார்கள்.

ஒரே வரிதான். ஆனா அதில் எவ்வளவு செய்தி! எருமி நாடு என்பது மைசூர்ப் பகுதி என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படின்னா, ஒருவர் அவ்வளவு தூரம் கடந்து புதுக்கோட்டைப் பாறைக்கு வந்திருக்கிறார். அவர் எந்த ஊரில் பிறந்தவர் என்பது இங்கே இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. உள்ளூர்க்காரர் ஒருவர் கல்லைத் தேய்த்து அவருக்கு இடம் செய்து கொடுத்திருக்கிறார்.

மற்ற படுக்கைகளில் எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டு வாக்கிலான தமிழ் எழுத்தில் பெயர்கள்: திருநீலன், திருப்பூரணன், திருச்சாத்தன், பூரணச்சந்திரன்... முதல் கல்வெட்டுக்கும் இவற்றுக்கும் நடுவே கிட்டத்தட்ட 900 வருடம். கும்ரானில் அந்தச் சமூகம் இருந்தது 200 வருடத்துக்கும் குறைவு.

சமணத் துறவியின் அன்றாடம் எப்படி?

தமிழகச் சமணத் துறவிகள் பெரும்பாலும் திகம்பரப் பிரிவினர். கொல்லாமை, பொய் சொல்லாமை, திருடாமை, பிரம்மச்சரியம், எதையும் தனக்கென்று வைத்துக்கொள்ளாமை ஆகிய ஐந்தும் அவர்களுடைய பெரிய விரதங்கள்.

கையில் மயிற்பீலி இருக்கும். உட்காரும் முன், படுக்கும் முன் எறும்பு, பூச்சியை நோகாமல் விலக்க. தண்ணீருக்கு ஒரு கமண்டலம். திகம்பரத் துறவிக்கு இவை தவிர உடைமை கிட்டத்தட்ட எதுவும் இல்லை, உடையும் இல்லை.

சாப்பாடு ஒரு நாளைக்கு ஒரே வேளை. நின்றபடி, இரண்டு கையையும் குவித்து அதில் வாங்கிச் சாப்பிடணும். சூரியன் மறைந்த பிறகு ஒரு பருக்கை கிடையாது. இருட்டில் உயிர் ஏதாவது சாப்பாட்டில் விழுந்து செத்தால் பாவம். தலைமுடியைச் சிரைப்பது இல்லை, கையால் பிடுங்குவார்கள்.

ஒரே இடத்தில் தங்குவது கூடாது. நடந்துகொண்டே இருக்க வேண்டும். மழைக்காலம் மட்டும் விதிவிலக்கு. ஈர நிலத்தில் நடந்தால் புழு பூச்சி மிதிபடும் என்பதால் அந்த மாதங்களில் ஒரே இடத்தில் தங்குவார்கள். இந்தக் குகைப் படுக்கைகள் அந்தத் தங்கலுக்குப் பயன்பட்டிருக்கும் என்பது பொதுவான கருத்து.

இன்னொரு வழக்கம் உண்டு. வயதோ நோயோ முற்றி, விரதங்களைக் காக்க முடியாத நிலை வந்தால், உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து உயிர் விடுவது. சல்லேகனை என்று பெயர். செஞ்சி அருகே திருநாதர்குன்றில் சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர் விட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. அதே இடத்தில் இன்னொருவர் 30 நாள்.

இரண்டு பேரும் ஒரே மாதிரியா?

மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே மாதிரி. பிரம்மச்சரியம், சொந்தச் சொத்து இல்லாமை, உணவில் கட்டுப்பாடு, யாருக்கும் தீங்கு செய்யக்கூடாது என்ற விரதம். உள்ளே போய்ப் பார்த்தால் பல இடங்களில் நேர் எதிர்.

குளியல்: எஸ்ஸீனருக்குக் குளியல் இல்லாமல் சாப்பாடு இல்லை. திகம்பரத் துறவிக்குக் குளிக்காமல் இருப்பதே விதி. ஒருவருக்குத் தண்ணீர் தூய்மை தருவது. இன்னொருவருக்குத் தண்ணீரிலேயே உயிர்கள் இருக்கின்றன.

வேலை: எஸ்ஸீனர் நிலத்தில் உழைத்தார்கள். சமணத் துறவி மண்ணைக் கிளறினால் உயிர் சாகும். உணவுக்கு ஊரைத்தான் நம்பணும்.

பந்தி: எஸ்ஸீனர் சேர்ந்து உட்கார்ந்து, கதவை மூடிக்கொண்டு சாப்பிட்டார்கள். வெளியார் உணவு தீட்டு. சமணத் துறவிக்கோ வெளியார் தரும் உணவு மட்டும்தான் உணவு.

இறைச்சி: கும்ரானில் ஆடு, மாட்டு எலும்புகள் ஏராளமாகக் கிடைத்தன. சமணத்தில் அதற்குப் பேச்சே இல்லை.

பெண்கள்: எஸ்ஸீனரில் பெரும்பாலும் ஆண்கள். சமணத்தில் குரத்தியர் என்ற பெண் ஆசிரியர்கள் இருந்தார்கள். வந்தவாசி அருகே வேடலில் ஒன்பதாம் நூற்றாண்டில் கனகவீரக் குரத்தியாருக்கு 500 மாணவிகள் இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. கழுகுமலைக் கல்வெட்டுகளிலும் குரத்தியர் பெயர்கள் உண்டு.

இந்த வேற்றுமைகளில் ஒன்றுதான் பின்னால் நடந்ததோடு ரொம்ப சம்பந்தப்பட்டது: ஊரோடு உள்ள உறவு. எஸ்ஸீனர் தங்களைச் சுற்றி வேலி போட்டுக்கொண்டார்கள். சமணத் துறவி தினமும் ஊருக்குள் இறங்கி வந்தே ஆகணும். அவர் இறங்கி வந்தால் ஊருக்கு அவரைத் தெரியும்.

தேனிமலைக் கல்வெட்டு இதற்கு நல்ல சாட்சி. மலையத்துவசன் என்ற துறவி அந்த மலையில் தவம் செய்வதைக் கண்ட இருக்குவேள், அவரை வணங்கி நிலம் விட்டுக் கொடுத்ததாக அது சொல்கிறது. இருக்குவேள் என்பது கொடும்பாளூர்த் தலைவர்களின் பட்டப்பெயர். சமணப் பள்ளிகளுக்கு விட்ட நிலத்துக்குப் 'பள்ளிச்சந்தம்' என்று தனிப் பெயரே தமிழ்க் கல்வெட்டுகளில் இருக்கு.

இரு தரப்புக்கும் தொடர்பு இருந்ததா?

வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைகளைத் தள்ளிவிட்டு ஆதாரம் மட்டும் பார்ப்போம். சமணத் துறவிகள் போய் எஸ்ஸீனருக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. 'இயேசு எஸ்ஸீனர்' என்பதற்கும் இல்லை. யோவான் ஸ்நானகன் அவர்களோடு இருந்திருக்கலாம் என்று சிலர் ஊகிக்கிறார்கள், ஊகம் அவ்வளவுதான்.

ஆனா, இந்த இரண்டு உலகமும் ஒன்றை ஒன்று அறியாமல் இல்லை.

எஸ்ஸீனரைப் பற்றி ஃபிலோ எழுதிய அதே நூலில், அவர்களுக்குச் சற்று முன்னால் உதாரணமாகக் காட்டுவது யாரை? இந்தியாவின் நிர்வாணத் துறவிகளை! மாற்றம் இல்லாத மன உறுதிக்கு உதாரணம் தேடியபோது அவருக்கு இரண்டு கூட்டமும் அடுத்தடுத்து நினைவுக்கு வந்திருக்கிறது. அவர் கேள்விப்பட்டது அலெக்சாண்டர் படையெடுப்புக் காலத்து வட இந்தியத் துறவிகளைப் பற்றி, புதுக்கோட்டைக்காரர்களை இல்லை.

ஃபிலோவின் சகோதரர் மகன்களில் ஒருவர் மார்க்கஸ் ஜூலியஸ் அலெக்சாண்டர். செங்கடல் துறைமுகங்கள் வழியாக வியாபாரம் செய்தவர். அந்தத் துறைமுகங்களான பெரெனிகேயிலும் குசேர் அல் காதிமிலும்தான் தமிழ்ப் பெயர்கள் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. எழுத்து, ஏழடிப்பட்டத்தில் இருக்கும் அதே தமிழ்ப் பிராமி.

புதுக்கோட்டை மாவட்டத்திலேயே ஒரு சாட்சி உண்டு. 1898இல் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. அகஸ்டஸ் காலம் முதல் வெஸ்பாசியன் காலம் வரையிலானவை. யார் இந்த வெஸ்பாசியன்? கி.பி. 68இல் யூதர்களின் கிளர்ச்சியை அடக்க ரோமானியப் படையை நடத்தியவர். கும்ரானை அழித்தது அந்தப் படைதான். அடுத்த ஆண்டே அவர் பேரரசர் ஆனார். அவர் முகம் அச்சிட்ட காசு நம்ம மாவட்டத்து மண் வரை வந்து சேர்ந்தது.

கடைசியில் என்ன ஆனார்கள்?

ரோமானியர்கள் சித்திரவதை செய்தபோதும் எஸ்ஸீனர்கள் தங்கள் விதிகளை மீறவில்லை, சிரித்துக்கொண்டே உயிர் விட்டார்கள் என்று ஜோசஃபஸ் எழுதுகிறார். அந்தப் போருக்குப் பிறகு ஒரு சமூகமாக அவர்கள் தடம் வரலாற்றில் இல்லை. ஆனா போவதற்கு முன் சுருள்கள் குகைக்குள் போயிருந்தன.

சமணம் அப்படி ஒரே அடியில் முடியவில்லை. பக்தி இயக்கத்துக்குப் பிறகு செல்வாக்கு குறைந்தது. பல பள்ளிகள் கைவிடப்பட்டன. ஆனா தமிழ்ச் சமணர்கள் இன்றும் இருக்கிறார்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களில் வாழ்கிறார்கள். தாய்மொழி தமிழ், பலருக்கு நயினார் பட்டம், மேல்சித்தாமூரில் மடம். பொழுது சாயும் முன் இரவுச் சாப்பாட்டை முடிக்கும் வழக்கத்தை இன்றும் பல வீடுகளில் பார்க்கலாம்.

இதெல்லாம் இப்போ ஏன் முக்கியம்?

எஸ்ஸீனர்கள் பற்றி நமக்கு இவ்வளவு தெரியக் காரணம், அவர்கள் எழுதியது கிடைத்தது. ஆனா அவர்கள் எந்த இடத்தில் படுத்துத் தூங்கினார்கள் என்பது இன்னும் விவாதம்தான். கட்டடத்திலா, குகையிலா, கூடாரத்திலா என்று முடிவாகவில்லை.

சித்தன்னவாசலில் கதை தலைகீழ். படுக்கை இருக்கு, தலையணை இருக்கு, படுத்தவர் பெயர்கூட இருக்கு. ஆனா அங்கே வாழ்ந்தவர்கள் எழுதிய விதிப்புத்தகமோ நாட்குறிப்போ நமக்குக் கிடைக்கவில்லை. சமண விதிகளைப் பொதுவான நூல்களில் இருந்து தெரிந்துகொள்கிறோம். காவுடி என்ற அந்த ஒரு மனிதரைப் பற்றி உலகத்தில் இருக்கும் ஒரே ஆவணம் அந்தக் கல்லில் இருக்கும் ஒரு வரி.

சாக்கடல் சுருள்களை வெளிச்சமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்திய அறைகளில் பாதுகாக்கிறார்கள். நம்ம சுருள் வெயிலில் கிடக்கிறது. தமிழ்நாட்டின் பல சமணக் குன்றுகளில் இந்தப் படுக்கைகள் மேலேயே காதலர் பெயர், கட்சிப் பெயர், தேதி என்று செதுக்கி வைத்திருக்கிறார்கள். பெயின்டும் அடித்திருக்கிறார்கள். கல் குவாரியால் விளிம்பு வரை வெட்டப்பட்ட குன்றுகளும் உண்டு.

கிழிந்த சுருளைக்கூட துண்டுகளை வைத்து ஒட்டிப் படித்தார்கள். ஆழம் இல்லாமல் கீறிய பிராமி எழுத்துமேல் ஆணியால் பெயர் எழுதினால் அடியில் இருந்த எழுத்தைத் திரும்பப் படிப்பது ரொம்பக் கஷ்டம்.

சித்தன்னவாசல் ஏழடிப்பட்டம் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். இப்படிப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் சட்டப்படி 2 ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

போகிறவர்கள் கவனத்துக்கு

திருமயத்தில் இருந்து புதுக்கோட்டை சுமார் 20 கி.மீ.; அங்கிருந்து அன்னவாசல் சாலையில் சித்தன்னவாசல் சுமார் 16 கி.மீ. பலர் ஓவியத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஏழடிப்பட்டத்துக்குத் தனியாக மலை ஏறணும். வெயில் ஏறும் முன் போவது நல்லது, தண்ணீர் கட்டாயம்.

மேலே போனால் படுக்கை மேல் ஏறிப் படுத்து போட்டோ எடுக்க வேண்டாம், சாக்பீஸ் தேய்த்து எழுத்தைப் படிக்க முயல வேண்டாம். கம்பிக்கு வெளியே நின்று பார்த்தாலே போதும். எங்கேயோ பிறந்து இங்கே வந்து வாழ்ந்த ஒருவருக்கு இந்த ஊர்க்காரர் செய்து கொடுத்த இடம் அது.